பீட்டில்ஸ்: கடைசி வருஷத்தில் கடையைக் கட்டியது யார்?

#1 மொட்டைமாடி

வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் இங்கிலாந்துப் பாட்டுக்குழு பீட்டில்ஸ். அவர்களைப் பற்றிப் பீட்டர் ஜாக்சன் 2021இல் வெளியிட்ட 'கெட் பேக்' தொடரை நானும் அண்ணனும் ஒரு வாரமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து முடித்தோம். மூன்று பாகம், எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1969 ஜனவரியில் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் எடுத்துக் குவித்த ஏறக்குறைய 60 மணி நேரப் படத்திலிருந்து பொறுக்கியது. அண்ணனுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒரே பல்லவி: "யோகோ உள்ள வந்தா, குழு வெளிய போச்சு." (யோகோ ஓனோ, ஜானின் காதலி, பிற்பாடு மனைவி.) தொடர் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் அதையேதான் சொன்னான். நாங்கள் இருவரும் பார்த்தது ஒரே படம்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நான் பார்த்த யோகோ பேப்பர் படிக்கிறார், ஜான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒருநாள் மைக்கைப் பிடித்து அலறுகிறார். அந்த அம்மாவால் ஒரு பாட்டு நின்றது என்று எங்கேயும் தெரியவில்லை.

என் குழப்பம் வேறு. ஜனவரி 7. ஜான் இன்னும் வந்து சேரவில்லை. பால் அந்த வயலின் உருவ ஹாஃப்னர் பேஸைக் கிட்டார் மாதிரி சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு, சொல் இல்லாமல் ஏதோ முனகுகிறார். எதிரில் ஜார்ஜ் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறார். ரிங்கோ சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். முனகல் மெட்டாகிறது. ஜார்ஜ் கிட்டாரை எடுக்கிறார், ரிங்கோ கை தட்டுகிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் 'கெட் பேக்' பாட்டு அங்கே முளைத்து நிற்கிறது.

இப்படிப் பாட்டுப் பிறக்கிற இடம் பதினைந்தே மாதத்தில் எப்படிக் காலியாகும்? உலை கொதிக்கும்போதே அடுப்பை அணைத்தது யார்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். தயவுசெய்து "பணம்" என்று ஒற்றை வார்த்தை போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

#2 நீலாம்பரி

உங்கள் அண்ணனை உட்கார வைத்து ஜனவரி 13 காட்சியை மறுபடி போட்டுக் காட்டுங்கள். ஜார்ஜ் விலகிப் போய் மூன்று நாள். பால் சொல்கிறார்: இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, யோகோ ஒரு ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) மேல் உட்கார்ந்ததால் இவர்கள் பிரிந்தார்கள் என்று பேசினால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று. சொல்லி வைத்ததுபோல் ஐம்பது வருஷத்தில் உங்கள் வீட்டு சோபாவில் உங்கள் அண்ணன்.

யோகோ இருந்தது யாருக்கும் உறுத்தவில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். வேலை நடக்கும்போது மனைவி, காதலி யாரும் உள்ளே உட்காரக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். ஜான் அதை 1968இலேயே உடைத்தார். 1969 ஜூலை 1ஆம் தேதி ஸ்காட்லாந்தில் ஜான் ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. அதன் பிறகு யோகோவுக்காக ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டில் போட்டார்கள். மற்ற மூவர் இடத்தில் நான் இருந்தாலும் முகம் சுளித்திருப்பேன். ஆனால் அந்தக் கட்டில் கிடந்த வாரங்களில்தான் 'அபி ரோடு' ஆல்பம் உருவானது. உடைத்திருந்தால் அதையல்லவா உடைத்திருக்க வேண்டும்?

பால் திருமணம் செய்த லிண்டாவுக்கும் அப்போது இதே வசைதான். 1969 மார்ச் 12 பால்-லிண்டா கல்யாணம், மார்ச் 20 ஜிப்ரால்டரில் ஜான்-யோகோ கல்யாணம். எந்த ஊரானாலும் கூட்டுக்குடும்பம் பிரிந்தால் பழி மருமகள் தலையில்தான். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை.

#3 கணக்கர்_கோவை

"பணம்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லாதே என்கிறார் தம்பி. சரி, நாலு பத்தியில் சொல்கிறேன். தொழில் ஆடிட்டிங். கூட்டு வியாபாரம் பிரிவதைப் பார்த்தே தலை நரைத்தவன்.

1967 ஆகஸ்ட் 27 அன்று மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் 32 வயதில் இறந்தார். அதுவரை நால்வரும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள், எதில் போடுகிறோம் என்று பார்த்ததில்லை. அதே வருஷம் ஏப்ரலில் போட்டதுதான் பத்து வருஷக் கூட்டு ஒப்பந்தம். பாட்டெழுதி வரும் ராயல்டி தவிர மற்ற வரவெல்லாம் ஒரே உண்டியலுக்குப் போக வேண்டும். தனியாக ரிக்கார்டு போட்டுச் சம்பாதித்தாலும் அப்படித்தான். வரி மிச்சத்துக்குச் செய்த ஏற்பாடு. ஒற்றுமையாக இருக்கும்வரை அருமையான பத்திரம், பிரிய நினைத்தால் கால்விலங்கு.

அப்புறம் நால்வரும் சேர்ந்து தொடங்கிய ஆப்பிள் கம்பெனி. துணிக்கடை திறந்து, எட்டே மாதத்தில், 1968 ஜூலையில் மூடி, மிச்ச சரக்கை வந்தவர் போனவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். 1969 ஜனவரியில் ஜான் ஒரு பத்திரிகைக்காரரிடம், இப்படியே போனால் ஆறு மாதத்தில் நாங்கள் எல்லாரும் ஓட்டாண்டி என்று சொல்லிவிட்டார். அச்சில் வந்தது. நியூயார்க்கில் ஆலன் கிளைன் காதில் விழுந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கணக்கைக் கையில் வைத்திருந்த ஆசாமி. ஜனவரி 27 ராத்திரி லண்டன் டார்செஸ்டர் ஹோட்டலில் ஜானைப் பார்த்தார். மொட்டைமாடிக் கச்சேரிக்கு மூன்று நாள் முன்னால்! நீங்கள் தொடரில் சிரித்துக்கொண்டு பார்த்த அந்தக் கடைசி வாரத்திலேயே பூகம்பம் ஆரம்பம்.

பாலுக்குக் கிளைன் மேல் நம்பிக்கை இல்லை. அவர் கொண்டுவந்தது லீ ஈஸ்ட்மனையும் மகன் ஜான் ஈஸ்ட்மனையும். வக்கீல்கள்தான், திறமைசாலிகள்தான். ஆனால் லிண்டாவின் அப்பாவும் அண்ணனும். மாமனார் வந்து பொதுக்கணக்கைப் பார்ப்பதற்கு எந்தப் பங்காளி சம்மதிப்பான்? மே 8 அன்று மற்ற மூவரும் கிளைனுக்குக் கையெழுத்துப் போட்டார்கள், கமிஷன் 20 சதவீதம். மறுநாள் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பாலை மடக்கினார்கள். பால் மறுத்தார், மூவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அன்றிரவு பால் அங்கேயே இருந்து ஸ்டீவ் மில்லரின் பாட்டு ஒன்றுக்கு டிரம்ஸை அடித்துத் தீர்த்தார். அதுவரை நால்வரில் ஒருவர் வேண்டாமென்றால் அது வேண்டாம்தான். முதன்முதலாக மூன்றுக்கு ஒன்று என்று ஓட்டு விழுந்தது அன்றைக்கு. என் கணக்கில் குழு முடிந்த தேதி 1969 மே 9. மீதியெல்லாம் காரியம்.

#4 ஹாரிசன்தாசன்

கணக்கர் சார், மே 9 என்று நீங்கள் முடிப்பது அழகாக இருக்கிறது. ஆனால் ஜார்ஜ் எழுந்து போனது ஜனவரி 10. அன்று கிளைன் வாசலுக்கே வரவில்லை. அதற்கு எந்தப் பேரேட்டில் பதில்?

ட்விக்கனம் படப்பிடிப்புத் தளம். குளிர்கால ஜனவரி, காலையில் வந்து கேமரா முன்னால் பாட்டு எழுத வேண்டும். ஜார்ஜ் அதற்கு முந்தைய மாதங்களில் அமெரிக்காவில் பாப் டிலனோடும் தி பேண்ட் குழுவினரோடும் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சமமான மரியாதை. இங்கே வந்தால் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துவைக்கிறார், கேட்க ஆளில்லை. 6ஆம் தேதி பாலிடம் சொல்கிறாரே, நீ எப்படி வாசிக்கச் சொல்கிறாயோ அப்படி வாசிக்கிறேன், வாசிக்கவே வேண்டாமென்றால் வாசிக்கவில்லை என்று, அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 10ஆம் தேதி அவருடைய டைரிக் குறிப்பைப் பாருங்கள். எழுந்தது, ட்விக்கனம் போனது, மதியம்வரை ஒத்திகை, பீட்டில்ஸை விட்டது, வீடு திரும்பியது. காய்கறி வாங்கியது, மின்கட்டணம் கட்டியது என்கிற வரிசையில் உலகத்தின் மிகப் பெரிய குழுவை விட்டு விலகிய குறிப்பு! அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து 'வா-வா' என்ற பாட்டையும் எழுதினார்.

அவர் போன பிறகு ஜான் கேட்டது, கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனைக் கூப்பிடலாமா என்று. 13ஆம் தேதி சாப்பாட்டு அறையில் ஜானும் பாலும் தனியாகப் பேசியதைப் படக்குழு பூத்தொட்டிக்குள் மைக் ஒளித்து வைத்துப் பதிவு செய்தது. கரண்டிச் சத்தத்துக்கு நடுவே ஜார்ஜின் புண்ணைப் புரையோட விட்டுவிட்டோம் என்று ஜான் பேசுவது கேட்கும். தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

#5 ரிம்ஷாட்

மேடையில் டிரம்ஸ் வாசிக்கிறவன். நாயன்மார்கள் கதையில் அறுபத்து மூவரையும் சொல்லிவிட்டுக் கோயில் மேளக்காரரை விடுவதுபோல் ரிங்கோவை எல்லாரும் விட்டுவிடுகிறீர்கள்.

முதலில் வெளியே போனது ரிங்கோதான்! 1968 ஆகஸ்ட், வெள்ளை ஆல்பம் வேலை. தன் வாசிப்பு சரியில்லை, மற்ற மூவரும் நெருக்கம், தான் மட்டும் வெளியாள் என்று தோன்றி, சொல்லிவிட்டே கிளம்பினார். 'பேக் இன் த யு.எஸ்.எஸ்.ஆர்.' பாட்டுக்கு டிரம்ஸ் பால்தான் வாசித்தார். (காதைத் தீட்டிக் கேட்டால் தெரியும். சரியாகத்தான் இருக்கும், ஆனால் நடையில் அந்த லேசான சாய்வு இருக்காது.) இரண்டு வாரத்தில் திரும்பினார். டிரம்ஸ் செட் முழுக்கப் பூ வைத்திருந்தார்கள். கிளம்பும் முன் அவர் ஜானிடம் போய், நீங்கள் மூவரும் நெருக்கம் என்றாராம். ஜானோ, நெருக்கம் நீங்கள் மூவரும் என்றுதான் நினைத்தேன் என்றாராம். பாலிடம் போனாலும் அதே பதில்.

ஆக நாலு பேரும் தான்தான் வெளியாள் என்று நினைத்துக்கொண்டிருந்த குழு அது.

#6 கொழும்புக்கிழவர்

பிள்ளையள் எல்லாரும் படத்தில பாத்துக் கதைக்கிறியள். நான் அந்தக் காலத்தில கொழும்பில படிச்சுக்கொண்டிருந்தனான். ரேடியோ சிலோன் எண்டுதான் சொல்லுவம், 1967இல பெயர் மாத்தின பிறகும். இங்கிலிஷ் சேவையில 'ஹே ஜூட்' போட்டால் ஏழு நிமிசம் விடுதியில ஒருத்தரும் குளிக்கப் போகமாட்டினம்.

ஒண்டு சொல்லோணும். எங்களுக்கு அப்ப உடைவு எண்டு ஒண்டும் தெரியாது. 1969 கடைசியில எங்கட விடுதியில கதைச்சதெல்லாம் பால் செத்துப்போனார், 'அபி ரோடு' அட்டைப்படத்தில வெறுங்காலோட நடக்கிறது அதுக்குத்தான் அடையாளம் எண்ட புளுகுதான். அமெரிக்காவில கிளம்பின கதை. 'லைஃப்' சஞ்சிகைக்காரர் ஸ்கொட்லாந்தில பாலின்ர தோட்டத்துக்கே போய்ப் பேட்டி எடுத்தவை. நவம்பரில வந்தது. அதில பால் பீட்டில்ஸ் சங்கதி முடிஞ்சுது எண்டு பச்சையாச் சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் கவனிக்கேல்லை! எல்லாருக்கும் ஆள் உயிரோட இருக்கிறார் எண்டதுதான் செய்தி.

பிறகு 1970 ஏப்ரல் 10, லண்டன் 'டெய்லி மிரர்' முதல் பக்கம், பால் விலகுகிறார் எண்டு. நாங்கள் ஒரு நாள் துக்கம் காத்தம். அடுத்த நாள் அப்பலோ 13 கிளம்பிச்சு, ரெண்டு நாளில அது பழுதாப் போச்சு. அதோட எல்லாரும் வானத்தைப் பாக்கத் தொடங்கிட்டினம்.

#7 மொட்டைமாடி

ஐயா, நன்றி. குளிக்கப் போகாத ஏழு நிமிடத்துக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

எல்லாரும் எழுதியதைப் படித்தபின் ஒன்று உறைத்தது. ரிங்கோ போனது 1968 ஆகஸ்ட். ஜார்ஜ் 1969 ஜனவரி. ஜான் 1969 செப்டம்பர். பால் 1970 ஏப்ரல். நாலு பேருமே ஒவ்வொரு முறை வெளியே போயிருக்கிறார்கள்! முதல் இரண்டு பேரைச் சமாதானம் பேசித் திரும்ப அழைத்துவந்தார்கள். மூன்றாவது ஆளை வாயை மூடச் சொன்னார்கள். நாலாவது ஆள் போகும்போது கூப்பிட யாரும் மிச்சமில்லை. அவர் பேப்பருக்குச் சொன்னதால் உடைத்தவர் என்ற பெயர் அவருக்கு. என் கேள்வியே தப்பு போலிருக்கிறது.

செப்டம்பர் விஷயம் தெரியாதவர்களுக்கு: 13ஆம் தேதி ஜான் டொரன்டோவில் வேறு ஆட்களோடு மேடை ஏறி வந்தார். 20ஆம் தேதி ஆப்பிள் அலுவலகத்தில் பால் மறுபடி சின்னச் சின்ன இடங்களில் கச்சேரி செய்யலாமே என்று ஆசையாகப் பேச, ஜான் 'எனக்கு டைவர்ஸ் வேண்டும்' என்றார். கிளைன் அப்போது அமெரிக்க ரிக்கார்டு கம்பெனி கேப்பிடலோடு புது ஒப்பந்தம் பேசி முடிக்கிற நேரம். வெளியே சொல்லாதே என்றார். ஆறு நாளில் 'அபி ரோடு' கடைக்கு வந்தது. வாங்கியவர்களுக்கு அது இல்லாத குழுவின் ரிக்கார்டு என்று தெரியாது.

#8 நீலாம்பரி

அதனால்தான் 'அபி ரோடு' தெரிந்தே செய்த பிரியாவிடை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கும் அந்த எண்ணம்தான். பழையபடி ஒழுங்காகச் செய்வதாக இருந்தால் வருகிறேன் என்று அவர்களுடைய ரிக்கார்டு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னார், அப்படியே செய்தார்கள். அட்டையில் கடைசியாகப் போட்டிருந்த பாட்டுக்கு 'தி எண்ட்' என்றே பெயர். வேறென்ன வேண்டும்?

#9 ஹாரிசன்தாசன்

அக்கா, அதில் ஓட்டை இருக்கிறது. செப்டம்பர் 8 அன்று ரிங்கோ ஆஸ்பத்திரியில். மற்ற மூவர் பேசியதை அவருக்காக டேப்பில் பதிந்தார்கள். 2019இல் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் அதை வெளியே சொன்னார். அதில் பேச்சு அடுத்த ஆல்பத்தைப் பற்றி! ஜான், பால், ஜார்ஜ் ஆளுக்கு நாலு பாட்டு, ரிங்கோ விரும்பினால் இரண்டு என்று ஜான் பங்கு பிரிக்கிறார். ஜார்ஜுக்குச் சமபங்கு! அதுவரை ஒரு ஆல்பத்துக்கு இரண்டு மூன்று என்று கிள்ளிக் கொடுத்தவர்கள். பன்னிரண்டு நாள் கழித்து அதே ஜான் டைவர்ஸ் கேட்கிறார். ஆகவே பிரியாவிடை என்பது நாம் பிற்பாடு கட்டிய மாலை.

இன்னொன்று. 'அபி ரோடி'ல் எல்லாரும் கொண்டாடும் 'ஹியர் கம்ஸ் த சன்' எப்படி வந்தது? கணக்கர் சார் சொல்லும் அந்த அலுவலகக் கூட்டங்கள் தாங்காமல், ஒருநாள் மட்டம் போட்டுவிட்டு கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் கிட்டாரோடு நடந்தபோது ஜார்ஜுக்கு வந்த பாட்டு. பேரேடு செய்த ஒரே நல்ல காரியம்.

#10 கணக்கர்_கோவை

அந்த மட்டத்தை மன்னிக்கிறேன் :)

ஆனால் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்று தெரிந்தால் நீங்களும் தோட்டத்துக்குத்தான் ஓடுவீர்கள். ஜான்-பால் பாட்டுகளின் உரிமை நார்தர்ன் சாங்ஸ் என்ற கம்பெனியிடம். 1965இலேயே லண்டன் பங்குச் சந்தைக்குப் போன கம்பெனி. 1969 மார்ச்சில் அவர்களுடைய பாட்டுப் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தன் பங்கை இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏ.டி.வி. என்ற டி.வி. கம்பெனிக்கு விற்றுவிட்டார். ஜான் தேனிலவில் ஆம்ஸ்டர்டாம் ஹோட்டல் கட்டிலில் அமைதிக்காகப் படுத்திருந்த சமயம். திரும்ப வாங்கச் சண்டை போட்டபோது கணக்கை விரித்தார்கள். பால் ஜானிடம் சொல்லாமல் கூடுதல் பங்கு வாங்கி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் பதினைந்து பதினாறு வயதில் ஒரே நோட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டெழுதியவர்களுக்குள்? சொந்தப் பாட்டுகளின் கம்பெனி கடைசியில் கைவிட்டுப் போனது.

கிளைனுக்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராயல்டியை அவர் நன்றாகவே உயர்த்தினார், பாலும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

#11 ரிம்ஷாட்

உரிமை, பங்கு என்று கேட்டுக் கேட்டு எனக்கும் தோட்டத்துக்குப் போகத் தோன்றுகிறது. கொஞ்சம் சத்தத்துக்கு வருவோம்.

'தி எண்ட்' பாட்டை ஹெட்போனில் போடுங்கள். பீட்டில்ஸ் ஆல்பம் எதிலும் ரிங்கோ வாசித்த ஒரே டிரம் சோலோ. அவருக்குச் சோலோ பிடிக்காது, கெஞ்சி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் டிரம் மேல் சமையலறைத் துண்டைப் போட்டு வாசிப்பார். அதனால் ஒவ்வொரு அடியும் கணீரென்று இல்லாமல், ஈரத் தரையில் வாழைத்தார் இறக்குவதுபோல் 'தொம்' என்று உட்காரும். வேகம் காட்டவே மாட்டார். எட்டுத் தடத்தில் பதிந்ததால் டிரம்ஸுக்கே இரண்டு தடம், இடமும் வலமும் பிரித்துக் கேட்கலாம்.

அது முடிந்ததும் மூன்று கிட்டார். பால், ஜார்ஜ், ஜான் என்ற வரிசையில் ஆளுக்கு இரண்டு பார் (தாள அளவு), மூன்று சுற்று. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைத்துக் குறைத்துக் கொடுத்து வாங்குவார்களே, அதேதான். பால் கூர்மையாகக் கீறுவார், ஜார்ஜ் இழுத்து வளைப்பார், ஜான் கடைசியில் கரகரவென்று அறுப்பார். 1969 ஆகஸ்ட் 7ஆம் தேதி வேலை. மறுநாள்தான் அந்த வெள்ளைக்கோடு போட்ட சாலையைக் கடந்து படம் எடுத்தது, மொத்தம் ஆறே படம். மேனேஜர் விஷயத்தில் பேச்சுவார்த்தை முறிந்து மூன்று மாதம் ஆகியும் ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்குகிறார், ஒரு மயிரிழை இடறவில்லை. மே 9இலேயே முடிந்தது என்கிற கணக்கர் சார் இதற்கு என்ன சொல்கிறார்?

#12 கணக்கர்_கோவை

ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

#13 மொட்டைமாடி

நானும் இதற்குச் சமமாக ஒன்று வைக்கிறேன். ஜனவரி 30, லண்டன் சேவில் ரோ 3ஆம் எண், ஆப்பிள் அலுவலகக் கட்டடத்து மொட்டைமாடி. காற்று. மைக்கில் காற்று இரையாமல் இருக்க அலன் பார்சன்ஸ் என்ற இளம் உதவியாளரைக் கடைக்கு அனுப்பிப் பெண்கள் காலுறை வாங்கிவரச் செய்து சுற்றியிருந்தார்கள். ஜான் மேலே யோகோவின் ரோமக் கோட்டு, ரிங்கோ மேலே மனைவி மௌரீனின் சிவப்பு மழைக்கோட்டு. ஒரு பாட்டின் வரிகள் ஜானுக்கு மறந்துவிடும் என்று ஓர் உதவியாளர் முன்னால் மண்டியிட்டுக் காகிதம் பிடிக்கிறார். பில்லி பிரஸ்டன் கீபோர்டில். அவர் வந்த நாளிலிருந்தே மற்றவர்கள் முகம் மாறியதைத் தொடரில் பார்க்கலாம், விருந்தாளி வந்த வீட்டில் சண்டையை ஒத்தி வைப்பதுபோல்.

42 நிமிடம், ஐந்து பாட்டுகள், சிலதைத் திரும்பத் திரும்ப. அதில் 'ஒன் ஆஃப்டர் 909' ஜானும் பாலும் பையன்களாக இருந்தபோது எழுதியது. அந்தப் பாட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதை நான் நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். போலீஸ் மேலே வந்ததும் குழுவின் உதவியாளர் மால் எவன்ஸ் ஆம்பை அணைக்கிறார். ஜார்ஜ் திரும்பி, அதை மறுபடி போட்டுவிடுகிறார். இருபது நாள் முன்னால் குழுவே வேண்டாமென்று போன ஜார்ஜ்!

#14 கொழும்புக்கிழவர்

தம்பி, கடைசியா ஜான் சொன்னதை விட்டிட்டீர். குழுவின்ர சார்பில நன்றி, தேர்வில தேறியிருப்பம் எண்டு நம்பிறன் எண்டு. வேலை கேட்டு வந்த பெடியனைப் போல. அதுக்குப் பிறகு நாலு பேரும் சேந்து சனத்துக்கு முன்னால வாசிக்கேல்லை.

#15 நீலாம்பரி

1970க்கு வருவோம், பால் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்தைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 3ஆம் தேதி பால், ஜார்ஜ், ரிங்கோ மூவர் மட்டும் 'ஐ மீ மைன்' பதிகிறார்கள். ஜான் டென்மார்க்கில். அதற்கப்புறம் பழைய ஜனவரி டேப்புகளை ஜானும் ஜார்ஜும் அமெரிக்க ரிக்கார்டு தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் ஏப்ரல் 1 அன்று பாலின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' மேல் வயலின் கூட்டமும் ஹார்ப்பும் பெண்கள் கோரஸும் கொட்டி மெழுகினார். பாலைக் கேட்கவில்லை. அவர் எழுதிய பாட்டு, அவர் பாடிய பாட்டு! ஹார்ப்பை எடு, வயலினைக் குறை, இனி இப்படிச் செய்யாதே என்று பால் எழுதிய கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் மே 8 அன்று 'லெட் இட் பீ' என்ற பெயரில் ஆல்பம் வந்தது. இதுவரை நான் பால் கட்சி.

ஆனால் ரிங்கோ விஷயம்? பாலின் தனி ஆல்பமும் 'லெட் இட் பீ'யும் ஒரே சமயத்தில் மோதும், தள்ளி வை என்று ஜானும் ஜார்ஜும் எழுதிய கடிதத்தை யாரோ பையன் கையில் கொடுப்பது மரியாதை இல்லை என்று ரிங்கோ தானே பால் வீட்டுக்குக் கொண்டுபோனார். பால் கத்தித் தீர்த்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போ என்றார். திரும்பிப் போன ரிங்கோ மற்ற இருவரிடமும் சொன்னது, அவன் தேதியையே வைத்துக்கொள்ளட்டும், விடுங்கள் என்று. நாலு பேரில் பெரிய மனுஷன் யாரென்று கேட்டால் எனக்கு அந்த ஒரு நாள் போதும்.

பிறகு அந்த ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்பிய கேள்வி-பதில் தாள். பிரிந்துவிட்டோம் என்று அதில் எங்கேயும் இல்லை. ஜானோடு மறுபடி பாட்டெழுதுவீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று ஒரு சொல். ஏன் பிரிவு என்றால் சொந்த வேறுபாடு, வியாபார வேறுபாடு, இசை வேறுபாடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பத்தோடு இருப்பது சந்தோஷம் என்கிறார். ஜானுக்கு வந்த கோபம், தான் முதலில் விலகியும் வாயை மூடிக்கொண்டிருக்க, பால் அதை ரிக்கார்டு விற்க விளம்பரமாக்கிவிட்டார் என்று.

#16 மட்டுறுத்துநர்

ஜான் கட்சி, பால் கட்சி என்று வந்த ஒன்பது பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஸ்பெக்டரின் பிற்காலக் கொலைவழக்கு இந்த இழைக்குச் சம்பந்தமில்லை, தனி இழை தொடங்குங்கள்.

#17 கணக்கர்_கோவை

நீலாம்பரி மேடம் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். இருந்தாலும் பாலுக்கு ஒரு வாதம் பாக்கி.

அவர் தனியாகப் போட்ட ரிக்கார்டின் வரவும் கூட்டு உண்டியலுக்குத்தான் போகும், உண்டியல் சாவி கிளைனிடம். வெளியேற ஒரே வழி கூட்டைக் கலைப்பது. கிளைன் மேல் நேராகக் கலைப்பு வழக்குப் போட முடியாது, அவர் ஒப்பந்தத்தில் பங்காளி இல்லையே. ஆக மூன்று நண்பர்கள் மேல்தான் போட வேண்டும். மாதக்கணக்கில் தயங்கி, 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் போட்டார். 1971 மார்ச் 12 அன்று நீதிபதி ஸ்டாம்ப் பால் பக்கம் தீர்ப்புச் சொல்லி, கணக்கைப் பார்க்க ஒரு ரிசீவரை (நீதிமன்றப் பொறுப்பாளரை) அமர்த்தினார். அன்று பாலின் இரண்டாவது கல்யாண நாள்.

கிளைனின் ஒப்பந்தத்தை மற்ற மூவரும் 1973இல் புதுப்பிக்கவில்லை. வழக்குகள் வேறு. பாலின் சந்தேகம் சரியாக இருந்திருக்கலாம் என்று ஜானே டி.வி.யில் சொன்னார்.

வீட்டை விட்டுப் போவது ஒரு நிமிட வேலை. நாலு பேரும் செய்து காட்டினார்கள். பத்திரத்தை விட்டுப் போக நாலு வருஷம். கடைசிக் காகிதக் கட்டு 1974 டிசம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் விரிக்கப்பட்டது. பாலும் ஜார்ஜும் வந்து போட்டார்கள். ரிங்கோவின் கையெழுத்து முன்பே வந்துவிட்டது. அதே ஊரில் இருந்த ஜான் வரவில்லை. டிசம்பர் 29 அன்று புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு ஹோட்டல் அறையில், மகன் ஜூலியனோடு விடுமுறைக்குப் போன இடத்தில், வக்கீல் கொண்டுவந்த தாளில் ஜான் கையெழுத்துப் போட்டார். 1975 ஜனவரி 9 அன்று லண்டனில் சட்டப்படி முடிந்தது.

#18 மொட்டைமாடி

இழை முழுவதையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். டிஸ்னி வேர்ல்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு யோகோ பக்கத்துல இருந்தாளா?"

இல்லை, அந்தச் சமயம் ஜானும் யோகோவும் பிரிந்திருந்தார்கள், ஜானோடு இருந்தது அப்போதைய தோழி மே பாங் என்றேன்.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப கிளைன்?"

கிளைனும் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றேன்.

ரிமோட்டை எடுத்தான். அந்த மொட்டைமாடியை இன்னொரு தடவை போடு என்றான்.